பதினைந்து வயதில் 800 மீற்றர் ஓடும் மகள்: அடுத்த பத்து வருடம்

யாழ்ப்பாணத்துத் தந்தை ஒருவரின் கேள்வி இது: "மகளுக்கு 15 வயது. மாகாண மட்டப் பாடசாலைப் போட்டியில் 800 மீற்றரில் இரண்டாம் இடம். நேரம் 2 நிமிடம் 28 செக்கன். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. காலையும் மாலையும் ஓடவிட வேண்டும் என்கிறார்கள். இந்த ஓட்டத்தை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்? என்ன செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்?"

நெடுந்தூரம் போகலாம். ஆனால் இரண்டு வேளைப் பயிற்சி இப்போது வேண்டாம். நடுத்தூர ஓட்டத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது 15 வயதில் எடுத்த நேரம் இல்லை. 16க்கும் 21க்கும் இடைப்பட்ட ஐந்து வருடத்தில் எலும்பு வெடிக்காமல், இரத்தம் குறையாமல், ஓட்டத்தை விட்டுவிடாமல் அவள் நிற்கிறாளா என்பதுதான் தீர்மானிக்கிறது. வட மாகாணத்தில் திறமைக்குக் குறைவில்லை. அந்த ஐந்து வருடத்துக்குள்தான் பிள்ளைகளை இழக்கிறோம்.

முதலில் இலக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெண்கள் 800 மீற்றரில் தருஷி கருணாரத்ன 2023 ஜூலையில் பாங்கொக் ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 2:00.66 ஓடி, இலங்கைச் சாதனையோடு தங்கம் எடுத்தார். அப்போது அவருக்கு 18 வயது; கண்டி மாவட்டத்து வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியில் உருவானவர். அதே வருடம் ஒக்ரோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலும் 2:03.20 இல் தங்கம் வென்றார். அடுத்த வருடம் பரிஸ் ஒலிம்பிக் முதற்சுற்றில் அவர் ஓடிய நேரம் 2:07.76. ஒரே ஆள், ஒரு வருடத்துக்குச் சற்று மேலான இடைவெளியில் ஏழு செக்கன் வித்தியாசம். ஆகவே ஒரு போட்டி நேரத்தைப் பார்த்துப் பிள்ளையைத் தூக்கி வைக்கவும் வேண்டாம், போட்டுடைக்கவும் வேண்டாம். பரிஸுக்கான நேரடித் தகுதி நேரம் 1:59.30. உங்கள் மகளுக்கும் தேசிய சாதனைக்கும் இடையில் 27 செக்கன் இருக்கிறது. ஒழுங்கான பயிற்சியில் முதல் இரண்டு மூன்று வருடம் வருடத்துக்கு நாலைந்து செக்கன் குறைவது நடக்கக்கூடியது. 2:12 அளவுக்கு வந்த பிறகு ஒவ்வொரு செக்கனும் பல மாத உழைப்பு கேட்கும்.

"பெண்பிள்ளை இருபதுக்குள் சாதிக்காவிட்டால் முடிந்தது" என்ற பேச்சை நம்பாதீர்கள். பெண்கள் 800 மீற்றர் உலக சாதனை, 1983 இல் செக்கோஸ்லோவாக்கியாவின் யர்மிலா க்ராதோக்விலோவா ஓடிய 1:53.28. அப்போது அவருக்கு 32 வயது. பிரித்தானியாவின் கெலி ஹோம்ஸ் 2004 ஏதென்ஸில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றபோது 34. கென்யாவின் ஃபெயித் கிப்யேகொன் 2018 இல் ஒரு பெண்குழந்தைக்குத் தாயானார். அதன் பிறகு டோக்கியோவிலும் பரிஸிலும் 1500 மீற்றர் ஒலிம்பிக் தங்கம் எடுத்து, 2025 ஜூலையில் 3:48.68 என்ற உலக சாதனையும் வைத்தார். எங்கள் நிமாலி லியனாரச்சி டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடியது 31 வயதில்.

வீட்டில் பெரியவர்கள் "பெண்பிள்ளைக்கு இவ்வளவு தூரம் கூடாது" என்றால், அந்தப் பயம் உலகத்துக்கே இருந்தது என்று சொல்லுங்கள். 1928 அம்ஸ்ரடாமில் பெண்கள் 800 மீற்றர் முதன்முதல் நடந்தது. ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்த, 1960 றோம் வரைக்கும் அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1500 மீற்றர் 1972 இல்தான் சேர்ந்தது. முல்லைத்தீவின் அகிலத்திருநாயகி அம்மா 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம் வென்றபோது அவருக்கு 72 வயது.

இனிப் பயிற்சி. 800 மீற்றர் பார்க்க வேக ஓட்டம் போலத் தெரியும். ஆனால் இரண்டரை நிமிட ஓட்டத்துக்கான சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மூச்சில் எடுக்கும் ஒட்சிசனிலிருந்து வருகிறது. 1500 இல் அது ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். அதனால் மெதுவான ஓட்டம் வீண்வேலை இல்லை, அத்திவாரமே அதுதான். இங்கே பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் மைதானத்துக்கு வந்து, நாள்தோறும் 400 மீற்றரை முழு வேகத்தில் ஓடி, போட்டி முடிய நிறுத்திவிட்டு, வலய மட்டத்துக்கு முன் திரும்பவும் தொடங்குவது. இப்படி ஓடும் பிள்ளை முதல் சுற்றில் முன்னுக்கு நிற்பாள், 500 ஆவது மீற்றரில் கால் கட்டிக்கொள்ளும்.

15 வயதுக்கு, 2:28 ஓடும் பிள்ளைக்கு, கிழமைக்கு ஐந்து நாள் போதும்; மொத்தம் 30 முதல் 35 கிலோமீற்றர். திங்கள் 35 நிமிட இலகு ஓட்டம், கிலோமீற்றருக்கு ஐந்தரை முதல் ஆறு நிமிடம், பக்கத்தில் வருபவரோடு வசனம் வசனமாகக் கதைக்க முடிகிற வேகம். அதன் முடிவில் 80 மீற்றர் ஆறு தடவை, முழு வேகத்தின் எண்பத்தைந்து வீதத்தில், நடந்து திரும்பி. செவ்வாய் 300 மீற்றர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 62 செக்கன், இடையில் 75 செக்கன் நடை. 62 செக்கன் என்பது 1500 மீற்றரை 5:10 இல் ஓடும் வேகம். புதன் ஓட்டம் இல்லை. வீட்டில் 25 நிமிடம் உடற்பலம்: ஒற்றைக்காலில் குதி உயர்த்துதல் பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை, பிளாங்க் (முழங்கையில் ஊன்றி உடலை நேராகத் தாங்குதல்), இடுப்பு உயர்த்துதல், முன்னடி வைத்துக் குனிதல். வியாழன் 10 நிமிடம் இலகுவாக ஓடிவிட்டு, 20 நிமிடம் கிலோமீற்றருக்கு 4:15 முதல் 4:25 வரையான நிதான வேக ஓட்டம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வராத அளவு. வெள்ளி முழு ஓய்வு, கோயிலுக்கும் வசதி. சனி 200 மீற்றர் எட்டு, நான்கு நான்காக, ஒவ்வொன்றும் 37 செக்கன், இடையில் ஒன்றரை நிமிடம், இரண்டு தொகுதிக்கும் நடுவில் ஆறு நிமிடம். ஞாயிறு 50 நிமிட நீள ஓட்டம், மண் அல்லது புல்தரையில்.

சனிக்கிழமைக்கு ஒரு விதி: 37 செக்கன் கேட்ட இடத்தில் 39 வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓடுவது களைப்பைப் பழக்குமே ஒழிய வேகத்தைப் பழக்காது. 32 செக்கனில் ஓடிக்காட்டினாலும் அதே தவறுதான். கிழமைக்குக் கிழமை தூரத்தைப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று கிழமை கூட்டினால் நான்காவதில் குறையுங்கள். 17, 18 வயதில் 40 முதல் 50 கிலோமீற்றருக்குப் போகலாம். இரண்டு வேளைப் பயிற்சியைப் பாடசாலைக் காலம் முடிந்த பிறகு, நித்திரைக்கு நேரம் இருந்தால் மட்டும் எடுங்கள். காலை ஐந்து மணிக்கு எழும்பி, பாடசாலை, பிறகு மைதானம், பிறகு ரியூசன், பதினொன்றரைக்குப் படுக்கை என்றிருக்கிற பிள்ளைக்கு இரண்டாவது பயிற்சி முன்னேற்றம் தராது. எட்டு மணி நேர நித்திரையும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. மேட்டில் ஏறி ஓடுவதால் வரும் கால்பலத்தை வேறு வழியில் எடுக்க வேண்டும். மணற்காட்டு மணற்திட்டிகள் இதற்கு அருமையான இடம்: 40 முதல் 60 மீற்றர் ஏற்றம், எட்டுத் தடவை, நடந்து இறக்கம், பத்து நாளைக்கு ஒருமுறை. காரைநகர் கசூரினா கடற்கரையில் என்றால் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடுங்கள். தளர்ந்த மணலில் நீள ஓட்டம் குதிநாணை இழுத்து நோவாக்கும். கடற்கரை சரிவாக இருப்பதால் ஒரு பக்கமே ஓடாமல் போன வழியே திரும்புங்கள், இல்லாவிட்டால் ஒரு இடுப்பு மட்டும் சுமை தாங்கும்.

காற்று இன்னொரு விஷயம். தடுப்பே இல்லாத தட்டைநிலம் என்பதால் வைகாசியிலிருந்து அடிக்கும் சோளகம் மைதானத்தின் ஒரு நேர்பகுதியில் பிள்ளையைத் தள்ளும், மறுபகுதியில் பிடித்து நிறுத்தும். அந்த நாட்களில் 300 மீற்றர் நேரங்களை வைத்துப் பிள்ளையைத் திட்டாதீர்கள்; முயற்சியைப் பாருங்கள். போட்டியில் எதிர்காற்றுப் பக்கம் வரும்போது முன்னால் ஓடுபவளின் வலது தோளுக்குப் பின்னால், ஒரு மீற்றர் தள்ளி ஒதுங்கி ஓடப் பழக்குங்கள். சித்திரை வெயிலில் காலை ஆறுக்குத் தொடங்கி ஏழேகாலுக்குள் முடியுங்கள், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் குளமாகும். அந்த இரண்டு மாதத்தைப் படிக்கட்டுப் பயிற்சி, கயிறு அடித்தல், உடற்பலம் என்று மாற்றி வையுங்கள். இருட்டில் தெருவில் தனியே ஓடவிடாதீர்கள். தெருநாய் தொல்லை ஒன்று, வாகனம் இன்னொன்று. இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து மைதானத்தில் ஓடுவதே நல்லது.

இனிப் போட்டியை எப்படி ஓடுவது. 800 மீற்றரில் முதல் வளைவை மட்டும் அவரவர் ஓடுபாதையில் ஓட வேண்டும். வளைவு முடியும் கோட்டுக்குப் பிறகுதான் உள்ளே வரலாம். பழக்கமில்லாத பிள்ளை கோடு தாண்டிய உடனே வெட்டி உள்ளே பாய்வாள். அது தூரத்தைக் கூட்டும், மற்றவரோடு மோதவும் வைக்கும். கோட்டிலிருந்து அடுத்த வளைவின் தொடக்கத்தை நோக்கி ஒரே நேராகச் சரிந்து வரச் சொல்லுங்கள். வளைவில் இரண்டாவது ஓடுபாதையில் ஓடினால் ஒரு வளைவுக்கு ஏறத்தாழ மூன்றரை மீற்றர் கூடுதல், உங்கள் மகளின் வேகத்தில் அரைச் செக்கனுக்கு மேல். முந்துவதை நேர்பகுதிக்கு வைத்திருங்கள். 400 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டத்தில் "செற்" கட்டளை கிடையாது, "ஒன் யுவர் மார்க்ஸ்" முடிந்து வெடிதான். 400 ஓடிப் பழகியவள் அடுத்த கட்டளைக்குக் காத்திருந்து ஒரு செக்கனை அங்கேயே விடுவாள்.

2:28 க்கான பிரிப்பு: முதல் 200 மீற்றர் 35 செக்கன், இரண்டாவது 37, மூன்றாவது 38.5, கடைசி 37.5. முதல் சுற்று 72, இரண்டாம் சுற்று 76. முதல் சுற்றை 67 இல் ஓடினால் இரண்டாம் சுற்று 84க்குப் போய் 2:31 ஆகிவிடும். ஓட்டம் தோற்கும் இடம் மூன்றாவது 200 மீற்றர். கைதட்டல் குறைந்த இடமும் அதுதான். வீட்டுக்காரர் முடிவுக் கோட்டில் நிற்காமல் 500 மீற்றர் புள்ளியில் நின்று நேரம் சொன்னால் உதவி அதிகம்.

பாடசாலை மைதான நேரங்களை அப்படியே நம்பவும் முடியாது. உயர்த்திய விளிம்பு உள்ள ஓடுபாதையை விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் வெளியே அளக்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு மட்டும் என்றால் 20 சென்ரிமீற்றர். பல இடங்களில் கோட்டிலேயே ரேப் பிடித்து அளக்கிறார்கள். அப்படி அளந்த 200 மீற்றர் மைதானத்தில் நான்கு சுற்று ஓடும்போது, பிள்ளை கோட்டுக்கு 30 சென்ரிமீற்றர் வெளியே ஓடினால் ஏழரை மீற்றர் கூடுதல்; ஒன்றரைச் செக்கன் அளவு அதிலேயே போகும். 200 மீற்றர் மைதானத்தின் இறுக்கமான வளைவுகளும் நேரத்தைத் தின்னும். கொழும்பு செயற்கைத் தளத்தில் ஒருநாள் நேரம் திடீரென்று குறைந்தால் அதில் ஒரு பங்கு மைதானத்துடையது.

போட்டியன்று கொடுக்கும் குளுக்கோஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் இல்லப் போட்டிகளில் தொடக்கக் கோட்டுக்குப் போகும் பிள்ளையின் கைக்குள் இரண்டு கரண்டி குளுக்கோஸ் தூளைக் கொட்டுவது வழக்கம். இரண்டரை நிமிட ஓட்டத்துக்குத் தேவையான மாச்சத்து தசையில் முதல்நாளே சேர்ந்திருக்கிறது. அந்தத் தூள் தொண்டையைக் காயவைக்கும், சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். மூன்று மணி நேரம் முன்பு இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் வாழைப்பழமும். அதற்குப் பிறகு மிடறு மிடறாகத் தண்ணீர். தேங்காய்ப்பூ நிறைந்த பிட்டும் இறைச்சியும் அன்றைக்கு வேண்டாம். உடலைச் சூடாக்குவது ஓட்டத்துக்கு 50 நிமிடம் முன்: 12 நிமிட இலகு ஓட்டம், கால் வீசல், 80 மீற்றர் நான்கு, பிறகு 20 நிமிடம் முன்பாகப் போட்டி வேகத்தில் 150 மீற்றர் ஒன்று. ஒரே நாளில் 400, 800, 1500, அஞ்சலோட்டம் என்று எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்து இல்லத்துக்குப் புள்ளி சேர்ப்பதை நீங்கள்தான் மறுக்க வேண்டும். பிள்ளை மறுக்க மாட்டாள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம்: சாப்பாடு, இரத்தம், மாதவிடாய். பெரியபிள்ளையான பிறகு இடுப்பு விரியும், கொழுப்பு கொஞ்சம் கூடும், ஒன்றிரண்டு வருடம் நேரம் குறையாமல் நிற்கும், சிலருக்குப் பின்னாலும் போகும். இது நோயில்லை, சோம்பலும் இல்லை. உடல் தன் புதிய அமைப்புக்குப் பலம் சேர்க்க எடுக்கும் காலம். இந்த நேரத்தில் "மெலிந்தால் ஓடுவாய்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பிள்ளை சோற்றைக் குறைப்பாள். முதல் இரண்டு மாதம் நேரம் உண்மையாகவே குறையும், அதனால் எல்லோரும் அது சரி என்று நம்புவார்கள். பிறகு மாதவிடாய் தள்ளும், சளி அடிக்கடி பிடிக்கும், கணைக்கால் எலும்பு நோகும். சக்திக் குறைவால் உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிற நிலை அது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் முதல் மாதவிடாயே வராவிட்டால், வைத்தியரிடம் காட்ட வேண்டும். "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விடுவது பெரிய பிழை. எலும்பின் பலம் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது; அந்தக் காலத்தில் இழந்ததைப் பிறகு முழுதாக மீட்பது கடினம்.

கணைக்காலில் நோ என்றால் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உட்பக்கம் நீளத்துக்கு நோகிறது, ஓட ஓடக் குறைகிறது என்றால் சுமையைக் குறைத்து, தரையை மாற்றி, கெண்டைக்காலுக்குப் பலம் கொடுத்தால் அடங்கலாம். ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று நோகிறது, ஒற்றைக்காலில் துள்ளினால் கூடுகிறது, இரவிலும் இருக்கிறது என்றால் எலும்பு வெடிப்பு என்று எடுத்து அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் கிழமைகளில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஒன்றுமில்லை என்று எழுதி வந்தாலும் நோ இருந்தால் ஓட்டம் இல்லை. ஆறு முதல் எட்டுக் கிழமை பொறுத்தால் ஆறும். கவட்டில் ஆழமான நோ இன்னும் அவசரமானது.

இரும்புச்சத்து. மாதவிடாய், வியர்வை, சைவச் சாப்பாடு மூன்றும் சேரும் இடத்தில் இது முதலில் குறையும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. ஆனால் அதற்கு முன்னமே சேமிப்பு வற்றியிருக்கும். அதைக் காட்டுவது ஃபெரிற்றின் பரிசோதனை. 30க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்றே எடுங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிற்றின் கூடிக் காட்டும், அதனால் சுகமான நாளில் எடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை போதும். இலகு ஓட்டமே களைக்கிறது, படியேற மூச்சு வாங்குகிறது, மூன்று கிழமையாக எல்லா நேரமும் பின்னால் போகிறது என்றால் பயிற்சியைக் கூட்டாமல் இரத்தத்தைப் பாருங்கள். குளிசையை வைத்தியர் சொன்னால் மட்டும் கொடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பலருக்கு நன்றாக உறிஞ்சப்படுகிறது, வயிறும் தாங்கும்.

சாப்பாட்டில் செய்யக்கூடியது நிறைய. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதை விட்டாலே பாதி வேலை முடிந்தது. தேயிலை இரும்பை உறிஞ்சவிடாது, ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். முருங்கையிலைச் சுண்டலுக்கும் கௌபிக்கும் தேசிக்காய் பிழிந்தால், அல்லது பக்கத்தில் ஒரு கொய்யாப்பழம் இருந்தால், இரும்பு கூட உள்ளே போகும். கிழமைக்கு ஒருதடவை ஈரல், மற்ற நாட்களில் சூடை, நெத்தலி. முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். 48 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 70 கிராம் அளவு புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் என்று கணக்குப் பாருங்கள். பயிற்சி முடிந்து ரியூசனுக்கு ஓடும் பிள்ளை இரவு ஒன்பது மணி வரைக்கும் வெறுவயிற்றோடு இருப்பதுதான் எங்கள் ஊரில் சக்திக் குறைவின் முதல் காரணம். மைதானத்தை விட்டுப் போகும்போதே ஒரு பெட்டியில் சத்துமா உருண்டை, எள்ளுருண்டை, அவித்த கடலை, வாழைப்பழம், ஒரு போத்தல் பால் என்று கொடுத்துவிடுங்கள்.

விரதங்களைப் பற்றிக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சைவம் என்றால் ஓட்டத்துக்குத் தடை இல்லை, பருப்பு, கடலை, கௌபி, தயிர் அளவைக் கூட்டினால் போதும். கந்தசஷ்டியில் ஆறு நாளும் உணவில்லாமல் இருப்பது வேறு. அந்த ஆறு நாளும் கடும் பயிற்சி வேண்டாம், நடையும் நீட்டலும் மட்டும். முடிந்த பிறகு மூன்று நாள் இலகுவாகத் தொடங்குங்கள். அதே கிழமையில் தேசிய மட்டப் போட்டி வந்தால் விரதமா போட்டியா என்பதை மகளோடு இருந்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மாதவிடாய் நாளில் ஓடலாம். விரும்பினால் ஓடட்டும், நோவென்றால் விடட்டும். நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வரச் சொல்லுங்கள், அது அவளுடைய கொப்பி.

சப்பாத்து விஷயத்தில் பயிற்சிச் சப்பாத்துக்கே காசைப் போடுங்கள். ஸ்பைக்ஸ் என்கிற ஆணிச் சப்பாத்து கிழமைக்கு ஒருமுறையும் போட்டிக்கும்தான். செயற்கைத் தளத்துக்கு 6 மில்லிமீற்றர் ஆணி, புல்லுக்கு 9. உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்து இறுகிவிடும்; மாதம் ஒருமுறை கழற்றி ஒரு துளி எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். 2024 நவம்பரிலிருந்து ஓடுபாதைப் போட்டிகளில் அடித்தட்டுத் தடிப்பு 20 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது, அதனால் தடித்த வீதியோட்டச் சப்பாத்தை வாங்கி ஏமாறாதீர்கள். உடையைப் பொறுத்தவரை விதி கேட்பது சுத்தமாகவும், நனைந்தாலும் உள்ளே தெரியாததாகவும் இருக்க வேண்டும் என்பதுதான். முழுக்கால் இறுக்க உடையோடு ஓடத் தடை இல்லை. இதற்காகவே மைதானத்துக்கு வராமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் சொல்லுங்கள். நல்ல விளையாட்டு உள்ளாடை ஸ்பைக்ஸைவிட முதலில் வாங்க வேண்டியது.

பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது கேளுங்கள்: ஒவ்வொரு நாளும் ஓடியதை எழுதி வைக்கிறாரா? நோ என்றால் நிறுத்துகிறாரா? நிறையைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் பேசுகிறாரா? தசை பிடித்துவிடுவது மூடிய அறையில், தனியாக நடக்கக்கூடாது. வெளியூர்ப் பயணத்தில் ஒரு பெண் ஆசிரியரோ தாயோ கூட இருக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், நல்ல பயிற்றுநர் கோபிக்க மாட்டார்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால் யார் கொடுத்தது என்பது சாட்டாகாது, பொறுப்பு ஓடுபவருடையது. மூச்சுமுட்டலுக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் குளிசை போட்டிக்காலத்தில் தடை. மூக்கடைப்பு மருந்துகளில் உள்ள சூடோஎபட்ரின் ஓர் அளவுக்கு மேல் தடை. பெயர் தெரியாத உடற்பயிற்சிக் கூடத் தூள்களும் கலவைச் சூரணங்களும் வேண்டவே வேண்டாம். எந்த வைத்தியரிடம் போனாலும் "பிள்ளை போட்டிக்கு ஓடுகிறாள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். இன்னொன்று: புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 2006 டோகா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரில் வென்ற வெள்ளி, பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பறிக்கப்பட்டது. அந்தப் பெண் பட்ட அவமானம் யாருக்கும் வரக்கூடாது. 2025 செப்ரெம்பரிலிருந்து உலக மட்டப் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்கு ஒருமுறை மரபணுப் பரிசோதனை கட்டாயம். அந்த மட்டத்துக்குப் போகும் பிள்ளையின் குடும்பம் இதை முன்கூட்டியே அறிந்து, முடிவு ஊருக்குள் பரவாமல் காக்க வேண்டும்.

பரீட்சை வருடத்தில் என்ன செய்வது? ஓட்டத்தை முழுதாக நிறுத்தாதீர்கள். கிழமைக்கு மூன்று நாள், 35 நிமிடம், அதில் ஒருநாள் நிதான வேகம் இருந்தால் மூச்சுப்பலம் பெரும்பாலும் நிற்கும். ஒரு வருடம் முழுதும் நிறுத்தியவள் திரும்பி வந்து பழைய வேகத்தில் ஓடும்போதுதான் எலும்பு வெடிக்கிறது. பாடசாலை வழி கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறும். பாடசாலைகளுக்கான சேர் ஜோன் டாபட் மெய்வல்லுநர் போட்டி தனி. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி அன்றே ஓடவிடாதீர்கள், குறைந்தது ஒரு முழு நாள் முன்னே போய்ச் சேருங்கள். முடிந்தால் முதல் நாள் செயற்கைத் தளத்தில் 15 நிமிடம் ஓடிப் பார்க்கட்டும். புல்லில் பழகிய கெண்டைக்கால் அந்தத் தளத்தில் விறைக்கும்.

எங்கள் பிள்ளைகள் காணாமல் போகும் இடம் உயர்தரப் பரீட்சைக்கு அடுத்த வருடம்தான். பாடசாலைப் போட்டி முடிந்துவிடும், வேலை கிடைத்திராது, மைதானத்துக்கு வரச்சொல்ல ஆள் இருக்காது. தெற்கில் அந்த இடைவெளியை முப்படையும் பொலிஸும் நிரப்புகின்றன: வேலை, சம்பளம், பயிற்றுநர், தங்குமிடம் எல்லாம் ஒன்றாய்க் கிடைக்கும். இங்கே அந்த வாசல் பல குடும்பங்களுக்கு ஏன் கடினமானது என்று விளக்கத் தேவையில்லை. அது உங்கள் வீட்டு முடிவு. மற்ற வழிகளும் உண்டு. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதியோடு சித்தியடைந்து, தேசிய மட்ட விளையாட்டுத் திறமையும் இருந்தால், பல்கலைக்கழக அனுமதியில் கல்விசாராத் துறைகளில் விசேட திறமை உள்ளோருக்கான ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. கல்வியியல் கல்லூரி வழியாக உடற்கல்வி ஆசிரியராகலாம். பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர் பதவி உண்டு. சில தனியார் நிறுவனங்கள் வர்த்தக நிறுவனங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டிக்காக ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் கேட்கப்படுவது சான்றிதழ். மாகாண, தேசிய மட்டச் சான்றிதழ்களின் மூலப்பிரதியை மட்டைக்குள் வையுங்கள், பெயர் எழுத்துகள் பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். இரண்டு வருடம் கழித்துத் திருத்துவது பெரும் அலைச்சல். பாடசாலையை விட்டதும் ஒரு விளையாட்டுக் கழகத்தில் அங்கத்துவம் எடுத்து, பிரதேச மட்டத்திலிருந்து மாவட்டம், மாகாணம் என்று தேசிய விளையாட்டு விழா வரைக்கும் ஏறும் வரிசையில் மகளின் பெயரைக் கொடுங்கள். அதற்கு வருடத் தொடக்கத்திலேயே உங்கள் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். பிரதேச மட்டப் போட்டி பல இடங்களில் முதல் சில மாதங்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.